மருந்துக்கு முன் மொழி

மும்பை மாநகரில் வாழும் தமிழருக்கு வடாலா புதிய பெயரன்று. மேற்கே மாதுங்கா, தெற்கே செவ்ரி, வடக்கே ஆண்டாப் ஹில் என்று தமிழர் குடியேறிய பகுதிகள் அதனைச் சூழ்ந்துள்ளன. தாராவியும் செம்பூரும் அதிகத் தொலைவில் இல்லை. அந்த வடாலாவில் நூற்றாண்டு கடந்த மருத்துவமனை ஒன்று உண்டு. ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை என்பது அதன் பெயர். 1890ஆம் ஆண்டு, பம்பாய் நகராட்சி ஆணையராக இருந்த எச். ஏ. ஆக்வொர்த் என்பவர், தெருக்களில் ஒதுங்க இடமின்றித் திரிந்த தொழுநோயாளிகளுக்கென்று அதனை நிறுவினார்.

இந்த ஆக்வொர்த்துக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நாட்டுப்புற மக்கள் பாடிவந்த மராத்தியப் பவாடாப் பாடல்களைச் சங்கர் துக்காராம் சாலிகிராம் என்னும் அறிஞருடன் சேர்ந்து தொகுத்தார். அவற்றுட் சிலவற்றை 1894இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மக்கள் பேசும் மொழிக்குச் செவிகொடுக்கத் தெரிந்தவர் என்று அவரைக் கூறலாம். ஆயினும் அவர் நிறுவிய மருத்துவமனையை நாடியவர் அனைவரும் மராத்தி பேசுவோராக இல்லை. பிழைப்புக்காகத் தெற்கிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் தம் நோயை எந்த மொழியில் சொன்னார்கள்? மருத்துவர் கூறியதை எவ்வளவு விளங்கிக்கொண்டார்கள்? இவை எளிய வினாக்களைப் போலத் தோன்றலாம். ஆயினும் உயிர் காக்கும் வினாக்கள் இவையே.

தொழுநோய் நரம்பைப் பற்றும் நோய். தோலில் வெளிறியதோ சிவந்ததோ ஆன ஒரு படை தோன்றும். அவ்விடத்தைத் தொட்டால் தெரியாது, சுட்டாலும் உறைக்காது. வலி இல்லாமையே அதன் அடையாளம். ஊரிலிருந்து அண்மையில் வந்த தொழிலாளி ஒருவரை நோக்கி, தமக்குத் தெரிந்த மொழியில், “வலிக்கிறதா?” என்று மருத்துவர் கேட்கிறார் எனக் கொள்வோம். தொழிலாளி இல்லையென்று தலையசைப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன உண்மையே நோயை மறைத்துவிடுகிறது. “மரத்துக் கிடக்கிறதா? மதமதவென்று இருக்கிறதா? அடுப்பில் கை பட்டும் தெரியாமற் போனதுண்டா?” என்று அவருடைய பேச்சிலே கேட்டிருந்தால், விடை வேறாக இருந்திருக்கும். ஒரு சொல் தவறியதால் ஒரு கையின் விரல்கள் மடங்கிப்போகும். மருந்துக்கு முன் மொழி வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

இந்த உண்மையை உணர்ந்து, அதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர் தமிழுலகில் இருந்தார். அவர் தமிழரல்லர், அமெரிக்கர். அவர் வாழ்ந்ததும் வடாலாவில் அன்று, யாழ்ப்பாணத்தில். இன்று கைப்பேசியின் வழியே மருத்துவச் செய்திகளைத் தமிழிற் கொண்டுவர முயல்வோர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு அவருடையது. ஆதலின் சிறிது நேரம் கடல் கடந்து சென்று வருவோம்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் சங்கத்தார் அவரை 1847இல் இலங்கைக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டு மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு மருத்துவத் தொண்டைத் தொடங்கினார். கூடவே மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் முற்பட்டார். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. அவரோ தமிழை ஊன்றிக் கற்றுக்கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஆங்கிலத்திற் கற்ற மாணவன் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போய்விடுகிறான். கிராமத்து நோயாளி முன்போலவே துணையின்றி நிற்கிறான். அன்றியும், ஆங்கிலத்தில் நோயின் பெயரை அறிந்த மாணவனுக்கு அதனைத் தன் தாய்க்கு விளக்கத் தெரிவதில்லை. இடையிலே விடுமுறையிற் சென்று, 1862இல் இரண்டாம் முறை யாழ்ப்பாணம் திரும்பிய கிறீன், மருத்துவக் கல்வியைத் தமிழுக்கே மாற்றினார். அவர் பயிற்றுவித்த மருத்துவர் 60க்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழி பயின்றவர்கள்.

தமிழிற் கற்பிக்க முனைந்தவுடன் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். இவ்விடத்தில்தான் கிறீனின் பெருமை விளங்குகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக, மக்கள் வழக்கிலும் நாட்டு வைத்தியர் வழக்கிலும் தமிழ்ச்சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பது. இல்லையெனில் வடமொழியை நாடுவது. அங்கும் கிடைக்காவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப ஆள்வது. இந்த வரிசை அவருடைய நூற்பெயர்களிலேயே புலப்படுகிறது. அறுவைச் சிகிச்சை நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயரிட்டார். இரணம் இன்னதென்று கேட்டறியாத கிழவி எந்த ஊரிலும் இல்லை. மகப்பேற்று நூலுக்குப் பிரசவ வைத்தியம் என்பது பெயர். உடற்கூற்று நூலை அங்காதிபாதம் என்றும், உடலின் தொழில்களைக் கூறும் நூலைச் சுகரணம் என்றும் வழங்கினார். வேதியியலுக்கு வழங்குசொல் ஒன்றும் அகப்படாமையால், கெமிஸ்தம் என்று தமிழ் ஈறு கொடுத்து அமைத்துக்கொண்டார்.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பிரசவ வைத்தியம் 1857இல் அச்சேறியது. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. இந்து பதார்த்த சாரம் 1884இல் வந்தது. மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவ இலக்கியம் அது. இவற்றைக் கிறீன் தனித்திருந்து எழுதிக் குவித்தாரல்லர். அவரிடம் பயின்ற தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தனர். அவர் ஒப்பிட்டுத் திருத்தினார். தேர்ந்த சொற்களை அகராதிகளாகத் தொகுத்தும் வெளியிட்டார். ஒரே பொருளுக்கு இந்நூலில் ஒரு சொல்லும் அந்நூலில் வேறொரு சொல்லும் வந்தால், கற்பவன் குழம்புவான் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாயகம் திரும்பினார். உடல் தளர்ந்த பின்னும் தமிழ் நூல்களைத் திருத்தும் பணியைக் கைவிடவில்லை. 1884இல் உஸ்டர் நகரில் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் கருத்தே அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டது.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? ஈண்டுத்தான் வரலாறு நமக்குக் கசப்பான பாடம் ஒன்றைச் சொல்கிறது. கொழும்பில் 1870இல் அரசாங்கம் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. பதவியும் மதிப்பும் அவ்வழியே கிடைத்தன. கிறீன் சென்ற சில ஆண்டுகளில் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்றது. நூல்கள் இருந்தன, அவற்றைப் படிக்க வேண்டிய மாணவர் இல்லை. சொற்கள் இருந்தன, அவற்றைப் புதுப்பிக்கும் நிலையம் இல்லை. அந்நூல்கள் பிழைபட்டமையால் அழிந்தன அல்ல, பேணுவாரின்றி அழிந்தன. ஒரு மொழியில் மருத்துவத்தைக் கட்டுவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. வீட்டுக் கிணற்றைத் தூர் வாருவதுபோல ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை அது.

பின்னர் வந்தோர் அப்பணியை விட்டுவிடவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ்ச் சாத்திர பரிபாஷைக்கென ஒரு சங்கம் கண்டனர். தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. மருத்துவச் செய்திகளும் அதில் நல்ல தமிழில் இடம்பெற்றன. ஆனால் இவையெல்லாம் கற்றோர் கற்றோருக்கு எழுதியவை. மருத்துவமனை வாயிலிலே அட்டையைக் கையில் ஏந்தி வரிசையில் நிற்கும் நோயாளிக்கு அவை எட்டவில்லை.

கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட அதே 1873ஆம் ஆண்டில், நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். பழவினையின் பயன் என்றும் தெய்வக் குற்றம் என்றும் கருதப்பட்ட நோய், கிருமியால் வருவதென்று தெளிந்தது. ஆயினும் நெடுங்காலம் மருந்து கிடைக்கவில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியை ஒதுக்கிவைக்கவே வழிசெய்தது. 1940களில் நம் செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் மருந்துகளை ஆராய்ந்து வழிகாட்டினார். 1981இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று நோயின் அளவுக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ மருந்துண்டால், தொழுநோய் முற்றிலும் குணமாகும்.

மருந்து வந்தது. மொழியின் தேவை அதனால் குறையவில்லை, மிகுந்தது. இச்சிகிச்சையில் ரிஃபாம்பிசின் என்னும் மருந்தை உண்டவருக்குச் சிறுநீர் செந்நிறமாகும். குளோஃபாசிமின் என்னும் மருந்தால் தோல் கறுக்கும். இரண்டும் மருந்தின் இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. முதலாவது அவ்வப்போதே மாறிவிடும்; இரண்டாவது மருந்தை முடித்தபின் நாளடைவிற் குறையும். ஆனால் இதனை முன்கூட்டியே எவரும் தமிழிற் சொல்லாவிட்டால், செந்நீரைக் கண்ட பெண்ணொருத்தி இரத்தமென்று நடுங்கி, மருந்தை மறைவாக எறிந்துவிடக்கூடும். தேமல் மறைந்தவுடன் நோயும் மறைந்ததென்று எண்ணி, மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடுவோரும் இருக்கக்கூடும். நாள்வாரியாக அடுக்கப்பட்ட மாத்திரை அட்டை, எழுத்தறியாதவருக்கும் ஓரளவு வழிகாட்டும். எனினும் “ஏன்” என்னும் கேள்விக்கு அட்டை விடை சொல்லாது. அதற்கு மனிதரின் வாய்ச்சொல் வேண்டும்.

இதனை உணர்ந்தே, மருத்துவர் ஆர். கணபதி 1976இல் தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம், நோயாளி வரட்டும் என்று காத்திராமல் தாராவி முதலிய குடிசைப் பகுதிகளுக்குள்ளே சென்றது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசும்போது எந்தச் சொல்லை ஆளுகிறோம் என்பது முக்கியம். குட்டம், பெருவியாதி என்ற பழைய சொற்களைக் கேட்டாலே குடும்பம் கதவை அடைத்துவிடும். தொழுநோய் என்ற சொல் அந்த வடுவைச் சிறிது குறைத்தது. “உணர்ச்சியற்ற தேமல், மருந்துண்டால் தீரும்” என்ற விளக்கம் இன்னும் குறைத்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் இருந்ததை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அகற்றியது. சட்டம் மாறியதென்று தமிழ்க் குடும்பத்துக்குத் தமிழிற் சொல்பவர் யார்? சொல்லாத வரையில், பழைய அச்சமே வீட்டிற் குடியிருக்கும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மருத்துவம் இப்பொழுது கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. 2021 சனவரி 16ஆம் நாள் நாட்டில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியபோது, அதற்குரிய கோவின் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. மே முதல் நாள் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் ஊசி என்றனர். 45 வயதுக்குட்பட்டோர் அத்தளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்றும் விதித்தனர். ஆங்கிலமும் கைப்பேசியும் அறிந்தவர் நொடியில் இடம் பிடித்தனர், அறியாதவர் நின்றனர். அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றமே இந்த ஏற்றத்தாழ்வைச் சுட்டி அரசை வினவியது. இந்தியும் தமிழும் பிற மொழிகளும் சூன் மாதத்தில்தான் அத்தளத்தில் இடம்பெற்றன. மொழியைக் கடைசியிற் சேர்த்தால், அம்மொழி பேசுவோரும் கடைசியில்தான் சேர்வர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்று. அதனோடு அவருடைய நோய்க் குறிப்புகள் இணையும். 2022இல் இந்திய மொழிகளுக்கான பாஷினி என்னும் இயந்திர மொழிபெயர்ப்புத் திட்டம் வந்தது. எழுதியதைப் படித்துக் காட்டவும், பேசியதை எழுத்தாக்கவும் பொறிகள் வந்துவிட்டன. கிறீனுக்கு ஒரு நூலை மொழிபெயர்க்க ஆண்டுகள் ஆயின. இன்று பொறி நொடியில் முடிக்கிறது. அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா?

தீரவில்லை. “மதமதவென்று இருக்கிறது” என்பதைப் பொறி எவ்வாறு கொள்ளும்? நெல்லைச் சீமையிலிருந்து வந்தவரின் பேச்சும், தாராவியிற் பிறந்து மராத்தியும் இந்தியும் கலந்து பேசும் அவர் பேரனின் பேச்சும் ஒன்றல்ல. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளில் தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர் பலர். அவர்களுக்கு அச்சிட்ட தமிழால் பயனில்லை. காதிற் கேட்கும் தமிழ் வேண்டும். வானொலியின் நேயர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. எழுத்தறியாத வீட்டிலும் குரல் நுழையும்.

வேறொரு துன்பமும் உண்டு. மொழி அறியாத தாய் மருத்துவமனைக்குப் போகும்போது, பள்ளியிற் படிக்கும் மகனை மொழிபெயர்க்க அழைத்துச் செல்கிறாள். மாதவிலக்கைப் பற்றியும் வெள்ளைப்படுதலைப் பற்றியும் மருத்துவர் கேட்கிறார். மகன் தலைகுனிகிறான், தாய் வாய் திறப்பதில்லை. பாதி நோய் அங்கேயே மறைக்கப்படுகிறது. தேர்வுக்குப் படிக்க வேண்டிய சிறுவன் தாயின் நோய்க்குப் பொறுப்பாளனாகிறான். தாய் சொல்லாமல் விட்டது என்ன என்பதை அவன் பல ஆண்டுகளுக்குப் பிறகே உணர்வான். தமிழிற் கேட்டுத் தமிழிற் பதில் பெறும் கருவி ஒன்று அவள் கையிலே இருந்தால், அவள் தனித்திருந்து தன் வாயாற் சொல்லலாம். இதுவே அக்கருவியின் முதற்பயன். வேகமும் வசதியும் பிறகே.

அத்தகைய கருவியை அமைப்போர் கிறீனிடமிருந்து கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, சொல் மக்களிடமிருந்து வர வேண்டும். மருத்துவர் ஒரு சொல்லை அமைத்தபின், வடாலாவிலோ தாராவியிலோ உள்ள தாய்மாரிடம் அதனைச் சொல்லி, “நீங்கள் விளங்கிக்கொண்டதை எங்களுக்குத் திருப்பிச் சொல்லுங்கள் அம்மா” என்று கேட்க வேண்டும். அவர்கள் திருப்பிச் சொல்வது மாறுபட்டால், குறை அவர்களிடம் இல்லை; சொல்லில் உள்ளது. இரண்டாவது, பணியில் அம்மொழியினர் பங்கு கொள்ள வேண்டும். கிறீனின் நூல்களைத் தமிழாக்கியவர்கள் அவருடைய தமிழ் மாணவர்களே. மூன்றாவதே தலையாயது: ஒருவர் போனாலும் பணி நிற்காதபடி நிலையான அமைப்பு வேண்டும்.

அந்த அமைப்பு எங்கிருந்து வரும் என்று நாம் மலைக்க வேண்டியதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மகாராட்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் 5 இலட்சம் பேர். மும்பை மாநகராட்சி மராத்தி முதலிய மொழிகளோடு தமிழ்வழியிலும் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. வகுப்பறையில் தமிழுக்கு இடம் தந்த மாநகராட்சி, மருத்துவமனையிலும் இடம் தர இயலாதென்பது இல்லை. நாம் கேட்க வேண்டும். கேட்பதோடு நின்றுவிடாமல் கைகொடுக்கவும் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கொரு விழா எடுக்கின்றன. அவற்றுள் ஒரு நாளை நோய்ச் சொற்களுக்கென ஒதுக்கி, செவிலியரும் மருத்துவரும் தாய்மாரும் ஒருங்கே அமர்ந்து பேசினால், அதுவே நல்ல அகராதியின் முதற்பக்கம் ஆகும்.

மராத்தி நாட்டில் வாழ்வோர் மராத்தி கற்பது கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் நோய் வந்தவரிடம், முதலில் மொழி கற்று வா, பிறகு மருந்து தருகிறேன் என்று எந்த அறமும் சொல்லாது. நலமாக இருக்கும்போது நான்கு மொழி பேசுபவரும், காய்ச்சலில் பிதற்றுவது தாய்மொழியில்தான்.

வடாலாவில் அந்தப் பழைய மருத்துவமனை இன்றும் நிற்கிறது. 1890இல் வீடற்றவருக்கு வீடு தந்தது அதன் சிறப்பு. ஒரு மனிதன் தன் நோவைத் தன் மொழியிற் சொல்ல, அதனைக் கேட்பவர் விளங்கிக்கொள்ளும் இடமும் அவனுக்கு ஒரு வீடே. அந்த வீட்டை மானிப்பாயில் ஒருவர் கட்டினார். காப்பாரின்றி அது சரிந்தது. இப்பொழுது நம் முறை. கட்டுவதோடு அமையாமல், காக்கவும் கற்போமாக.